வாத்தியாருக்கும் உண்டு இன்ஸ்பெக்ஷன்

பேங்க்காரனுக்கு இங்கிலாந்து டாக்டர்களைப் பற்றி என்ன கவலை என்று கேட்பீர்கள். நாக்பூர் வெயிலில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெளியே தலைகாட்ட முடியாது. அதனால் கையில் கிடைப்பதைப் படிக்கிற பழக்கம். கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருப்பது, பிரிட்டனில் குடும்ப டாக்டர்கள் (அங்கே ஜி.பி. என்பார்கள்) எப்படித் தயாராகிறார்கள் என்ற கதை. அதிலும் ஒரு சின்ன மூலையில் மாட்டிக்கொண்டேன். புதிதாக வரும் டாக்டரைத் தன் கிளினிக்கில் வைத்துப் பழக்கும் ஜி.பி.க்கு 'ட்ரெய்னர்' என்று பெயர். இருபது வருஷ சர்வீஸ், ஊரில் நல்ல பேர், வாசலில் கூட்டம் எல்லாம் இருந்தாலும் ஒருவர் தானாக ட்ரெய்னர் ஆகிவிட முடியாது. விண்ணப்பிக்க வேண்டும், கற்பிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும், நாலு பேர் வந்து கிளினிக்கைக் குடைந்து பார்ப்பதற்குச் சம்மதிக்க வேண்டும். அதுவும் ஒரு தடவையோடு முடியாது.

இந்த ஏற்பாடு உருவாக முப்பது வருஷம் ஆகியிருக்கிறது. மேலிருந்து யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை, பெரும்பாலும் ஜி.பி.க்களே தங்கள் தலையில் ஏற்றிக்கொண்டது. அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பழைய காலம். பி.காம். படித்தவர்களுக்கு 'குட்வில் வேல்யுவேஷன்' கணக்கு மறந்திருக்காது. சூப்பர் ப்ராஃபிட் மெதட், இத்தனை வருஷ லாபம் என்று பெருக்கி எழுதுவோமே, அதே சமாச்சாரம். 1948க்கு முன்னால் பிரிட்டனில் டாக்டரின் கிளினிக் ஒரு கடை மாதிரி கைமாறும். ரிட்டயர் ஆகும் டாக்டர் தன் நோயாளிகளின் 'குட்வில்'லை விற்பார், இளம் டாக்டர் கடன் வாங்கி அதை வாங்குவார். கையில் காசில்லாதவர் யாராவது பெரிய டாக்டரிடம் அசிஸ்டென்டாகச் சேர்ந்து, என்றாவது பார்ட்னராக எடுத்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் உழைப்பார். தொழில் பழகுவது என்றால் அந்த உழைப்புதான். பாடத்திட்டமும் கிடையாது, சொல்லிக் கொடுக்க வேண்டும் என்ற கடமையும் பெரியவருக்குக் கிடையாது.

1948 ஜூலை 5ஆம் தேதி என்.எச்.எஸ். வந்தது. குட்வில் விற்பது தடை செய்யப்பட்டது. அதற்கு நஷ்ட ஈடாக அரசு ஒதுக்கிய தொகை 66 மில்லியன் பவுண்ட். அந்த வருஷமே இன்னொரு காரியமும் நடந்தது. அனுபவமுள்ள ஜி.பி.யிடம் ஓர் இளம் டாக்டர் ஒரு வருஷம் பழகலாம் என்று ஒரு பயிற்சித் திட்டம் ஆரம்பித்தார்கள். கட்டாயம் இல்லை, விருப்பமுள்ளவர்கள் சேரலாம்.

திட்டத்தின் நோக்கம் நல்ல நோக்கம். கணக்கை மட்டும் பாருங்கள். பழக வருபவரின் சம்பளத்தை அரசு கொடுத்துவிடும். பழக்குபவருக்குத் தனியாக ஒரு மானியமும் உண்டு. டெபிட் பக்கம் ஒன்றுமே இல்லை, கிரெடிட் பக்கத்தில் ஒரு முழு டாக்டரும் கொஞ்சம் பணமும். இப்படி ஒரு என்ட்ரியைக் காட்டினால் எந்த முதலாளி வேண்டாம் என்பார்? ட்ரெய்னர்களைத் தேர்ந்தெடுத்தது உள்ளூர் டாக்டர்களின் கமிட்டி. இன்னார் நல்ல டாக்டர், நல்ல மனுஷர் என்பதுதான் பெரும்பாலும் தகுதி. அவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியுமா, அதற்கு நேரம் இருக்கிறதா என்று யாரும் அக்கறையாகப் பார்க்கவில்லை.

விளைவு எதிர்பார்த்ததுதான். நல்ல இடத்தில் மாட்டியவர்கள் வாழ்நாளுக்கும் மறக்க முடியாத குருவைப் பெற்றார்கள். மற்றவர்கள் ராத்திரி வரும் அழைப்புகளுக்கும், மழையில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலைக்கும் அனுப்பப்பட்டார்கள். எடுபிடி டாக்டர். இந்தப் புகார் அடுத்த இருபது வருஷமும் ஓயவில்லை. 1960களின் நடுவில் அந்தத் திட்டத்தில் சேரவே ஆட்கள் தயங்கினார்கள்.

(இது எனக்குப் புரியாத சங்கதி இல்லை. நான் வேலைக்குச் சேர்ந்த வங்கியில் இரண்டு வருஷம் புரொபேஷன். ஒவ்வொரு டிபார்ட்மென்டிலும் இத்தனை வாரம் என்று அழகான சார்ட் போட்டுக் கொடுத்திருந்தார்கள். நான் போன கிளையில் ஏழு மாதம் கிளியரிங் செக் அடுக்கினேன். லோன் ஃபைல் எப்படி இருக்கும் என்று கடைசி மூன்று வாரத்தில்தான் பார்த்தேன். எனக்குப் பயிற்சி கொடுத்ததாக மேனேஜர் போட்ட கையெழுத்து மட்டும் சார்ட்டில் எல்லாக் கட்டத்திலும் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. ஆள் பற்றாக்குறை, நான் கிடைத்தேன், அவ்வளவுதான்.)

1950ல் ஒரு குண்டு விழுந்தது. ஜோசப் காலிங்ஸ் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் இங்கிலாந்தின் ஜி.பி. கிளினிக்குகளை ஊர் ஊராகப் போய்ப் பார்த்து 'லான்செட்' இதழில் நீண்ட அறிக்கை எழுதினார். கிராமங்களில் பரவாயில்லை, தொழில் நகரங்களில் நிலைமை மோசம் என்றார். நோயாளியைப் படுக்க வைத்துப் பார்க்க வசதி இல்லாத, சரியாகக் குறிப்பு எழுதி வைக்காத இடங்களை விவரித்தார். மருத்துவ உலகம் கொதித்தது. நம்மூரில் சி.ஏ.ஜி. ரிப்போர்ட் வந்தால் நடப்பது போல, சிலர் அறிக்கையைப் படித்தார்கள், பலர் எழுதியவரைத் திட்டினார்கள்.

ஆனால் ஜி.பி.க்களிலேயே சிலருக்கு அது உறுத்தியது. ஜான் ஹன்ட், ஃப்ரேசர் ரோஸ் போன்றவர்கள் முன்னின்று 1952 நவம்பரில் ஜி.பி.க்களுக்கென்று ஒரு காலேஜ் தொடங்கினார்கள். கட்டடமும் வகுப்பறையும் உள்ள காலேஜ் என்று நினைக்க வேண்டாம், தொழில் தரத்தைக் காக்கும் சங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர்களின் ராயல் காலேஜ்கள் இதை விரும்பவில்லை. அதனால் ஆரம்பக் கூட்டங்களைச் சத்தம் போடாமல் நடத்தினார்கள். அந்த வெறுப்பு எந்த அளவுக்கு என்றால், 1958ல் ஒரு ராயல் கமிஷன் முன்னால் சாட்சி சொன்ன லார்ட் மோரன், ஸ்பெஷலிஸ்ட் ஆகும் ஏணியிலிருந்து விழுந்தவர்கள்தான் ஜி.பி. ஆகிறார்கள் என்ற பொருளில் பேசினார். மோரன் என்றால் சும்மா ஆளில்லை, சர்ச்சிலுக்கு வைத்தியம் பார்த்தவர்.

'ஏணியிலிருந்து விழுந்தவன்' என்ற பேரைத் துடைக்க என்ன வழி? எங்கள் வேலை தனி வேலை, அதற்குத் தனியாகப் பழக வேண்டும் என்று நிரூபிக்க வேண்டும். பழக வேண்டும் என்றால் பழக்கத் தெரிந்தவன் வேண்டும். பயிற்சியைப் பற்றிய பேச்சு மெல்ல ட்ரெய்னரைப் பற்றிய பேச்சாக மாறியது இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அங்கங்கே சோதனைகள் நடந்தன. ஸ்காட்லாந்தின் இன்வர்னஸில் ஆஸ்பத்திரியும் கிளினிக்கும் சேர்ந்த ஒரு பயிற்சி, பிறகு தெற்கே வின்செஸ்டரில் ஜார்ஜ் ஸ்விஃப்ட் என்ற ஜி.பி. நடத்தியது. லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் மைக்கேல் பாலின்ட் என்ற ஹங்கேரிய மனோதத்துவ டாக்டர் ஜி.பி.க்களை வட்டமாக உட்கார வைத்து, அவரவர் நோயாளிகளைப் பற்றிப் பேச வைத்தார். அங்கே பாடம் நடத்துபவர் என்று யாரும் கிடையாது. உன் நோயாளி முன்னால் நீ எப்படி நடந்துகொண்டாய் என்பதைச் சக டாக்டர்கள் முன்னால் எடுத்து வைக்க வேண்டும். 1957ல் அவர் எழுதிய புத்தகம் ஒரு தலைமுறையையே பாதித்தது. 1968ல் டாட் கமிஷன் அறிக்கை, மற்ற ஸ்பெஷாலிட்டிகளைப் போலவே ஜி.பி. வேலைக்கும் பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சி தேவை என்று அரசிடமே சொல்லிவிட்டது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த ஆள் பாட்ரிக் பைர்ன். வடக்கே மில்ன்தார்ப் என்ற சின்ன ஊரில் ஜி.பி. பிறகு மான்செஸ்டரில் பேராசிரியர். கற்பிப்பது ஒரு தனித் தொழில், டாக்டர்கள் அதை ஆசிரியர்களிடமிருந்து கற்க வேண்டும் என்று நினைத்து, கல்வியியல் படித்த பாரி லாங்கைக் கூடச் சேர்த்துக்கொண்டார். ட்ரெய்னர்களுக்கு வகுப்புகள் நடத்தினார்கள். ஜி.பி.யும் நோயாளியும் பேசுவதை டேப் ரெக்கார்டரில் பதிவு செய்து, சுமார் 2,500 உரையாடல்களை அலசி 1976ல் புத்தகமாகப் போட்டார்கள். அவர்கள் கண்டது: பெரும்பாலான டாக்டர்கள் யார் வந்தாலும் ஒரே பாணியில்தான் பேசுகிறார்கள். அவர்களே கேள்வி கேட்டு, அவர்களே முடிவெடுத்து, சீட்டு எழுதி அனுப்பிவிடுகிறார்கள். தனக்கென்று இப்படி ஒரு பாணி இருப்பதே தெரியாத டாக்டர், பழக வந்தவனுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பார்?

1972ல் பைர்ன் உட்பட ஆறு பேர் சேர்ந்து, ஜி.பி.யின் வேலை என்ன, அதை எப்படிக் கற்பிப்பது என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். லண்டன் கென்டிஷ் டவுனின் ஜான் ஹார்டர், நிலக்கரி ஊரான ஆஷிங்டனின் டொனால்ட் இர்வைன், பால் ஃப்ரீலிங், கான்ராட் ஹாரிஸ், மார்ஷல் மாரிங்கர் மற்ற ஐவர். ஒரு வேலைக்குப் பயிற்சி கொடுக்க முதலில் அந்த வேலையை விவரித்து எழுத வேண்டும் என்ற சாதாரண விஷயத்தை அவர்கள் செய்தார்கள். என்.எச்.எஸ். தொடங்கி 24 வருஷம் கழித்து!

அடுத்தது சட்டம். அதுவரை பதிவு பெற்ற டாக்டர் யாரும் ஒரு நாள்கூட ஜி.பி. பயிற்சி இல்லாமல் ஜி.பி. ஆகலாம். 1976ல் பார்லிமென்ட் சட்டம் போட்டு இதை முடிவுக்குக் கொண்டுவந்தது. 1981ல் ஒரு வருஷப் பயிற்சியும் 1982ல் முழு மூன்று வருஷப் பயிற்சியும் கட்டாயம் ஆயின. மூன்றில் ஒரு பகுதி ஆஸ்பத்திரியில், ஒரு பகுதி ஜி.பி. ட்ரெய்னரிடம். முடிவில் ட்ரெய்னர் 'வி.டி.ஆர். 1' என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் இளம் டாக்டர் அடுத்த படிக்குப் போக முடிந்தது.

அந்தக் கையெழுத்து இப்போது சட்டப்படி செல்லுபடியாகும் கையெழுத்து. அப்படியென்றால் கையெழுத்துப் போடுபவர் யார் என்ற கேள்வி வந்தே தீரும். நம் ஆபீசில் ஸ்பெசிமன் சிக்னேச்சர் இல்லாமல் யாராவது பே ஆர்டர் பாஸ் பண்ண முடியுமா?

இதற்காகவே ராயல் காலேஜும் மருத்துவச் சங்கத்தின் ஜி.பி. பிரிவும் சேர்ந்து 1970களின் நடுவில் ஒரு கூட்டுக் கமிட்டி அமைத்திருந்தன. ஒவ்வொரு பிராந்தியத்திலும் ட்ரெய்னர்களை அங்கீகரிக்க ஒரு குழு. அந்தக் குழு ஒழுங்காக அங்கீகரிக்கிறதா என்று பார்க்கக் கூட்டுக் கமிட்டி பிராந்தியம் பிராந்தியமாகப் போகும். கிளைக்குக் கன்கரன்ட் ஆடிட், அதற்கு மேல் ரிசர்வ் வங்கி மாதிரி.

அவர்கள் என்ன பார்த்தார்கள் என்பதுதான் சுவாரசியம். ஊசி எப்படிப் போடுகிறார் என்றெல்லாம் பார்க்கவில்லை. முதலில் பார்த்தது நோயாளிகளின் பழைய ரெக்கார்ட். பிரிட்டனில் அப்போது ஒவ்வொரு நோயாளிக்கும் லாயிட் ஜார்ஜ் பேரில் ஒரு சின்னப் பழுப்பு உறை இருந்தது. 1911 இன்சூரன்ஸ் சட்டத்தின் வழி வந்தது. ஆயுசுக்கும் எழுதிய அட்டைகளும் ஆஸ்பத்திரிக் கடிதங்களும் மடித்து மடித்து அதற்குள் திணிக்கப்பட்டிருக்கும். ட்ரெய்னர் ஆக வேண்டுமா, அந்தக் காகிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கு, முன்னால் ஒரு சுருக்கம் எழுதி வை என்றார்கள். ஆயிரக்கணக்கான உறைகள்! பல கிளினிக்குகளில் டாக்டர்கள் மாதக்கணக்கில் ராத்திரி உட்கார்ந்து செய்த வேலை. பழக வருபவன் நேற்று வந்தவன், நோயாளியின் முப்பது வருஷக் கதை அவனுக்குத் தெரியாது. பெரிய டாக்டரின் மண்டையில் இருப்பது காகிதத்துக்கு வந்தால்தான் அவனுக்கு உதவும்.

பிறகு நூலகம். வாரத்தில் பாடத்துக்கென்று ஒதுக்கி, போன் வந்தாலும் எடுக்காத நேரம். ட்ரெய்னர் மற்ற ட்ரெய்னர்களோடு கூடிப் பேசும் கூட்டங்களுக்குப் போகிறாரா. ஏற்கெனவே பயிற்சியில் இருப்பவரைத் தனியாக அழைத்து, உன்னை எடுபிடியாக வைத்திருக்கிறாரா என்பதையும் விசாரிப்பார்கள். இத்தனைக்கும் பிறகு கொடுக்கும் அங்கீகாரம் சில வருஷத்துக்குத்தான். முடிந்ததும் மறுபடி வருவார்கள்.

என் பெரியம்மா பையன் மதுரைப் பக்கம் படித்துவிட்டு அங்கே போனவர், லங்காஷயரில் ஜி.பி. அவரும் ட்ரெய்னர். போனில் பிடித்து, "அண்ணே, ஒங்களுக்கும் இந்த இன்ஸ்பெக்ஷன் எல்லாம் நடந்துச்சா?" என்று கேட்டேன்.

"நடக்காம? ரெக்கார்டைப் பாத்தாங்க, ரூமைப் பாத்தாங்க, அதெல்லாம் சரிடா. என்னை வெளிய இருக்கச் சொல்லிட்டு ரிசப்ஷன்ல இருக்கிற அம்மாகிட்ட தனியாப் பேசினாங்க பாரு, அப்பத்தான் வேர்த்துச்சு. அப்புறம் நான் பாடம் நடத்துற வீடியோவைப் போட்டாங்க. இருபது நிமிஷத்துல பதினஞ்சு நிமிஷம் நான்தான் பேசிட்டிருக்கேன். அந்தப் பையன் தலையாட்டிக்கிட்டே இருக்கான்."

"அப்புறம்?"

"என்ன அப்புறம்? கொடுத்துட்டாங்க. ஆனா அன்னையிலேர்ந்து நோயாளி பேசும்போதும் நான் குறுக்க பேசுறது கொறைஞ்சு போச்சு. ஒங்க அண்ணிகிட்ட மட்டும்தான் இன்னும் கொறையல."

பைர்னும் லாங்கும் டேப் ரெக்கார்டரில் பிடித்தது இதைத்தான்.

இதற்காக ஜி.பி.க்களைத் தலையில் தூக்கி வைத்து ஆட வேண்டியதில்லை. ஓட்டைகள் இருந்தன. வருஷம் முழுக்கக் கூடவே இருந்து, வீட்டில் சாப்பிட்டுப் பழகிய பையனுக்கு 'தேறவில்லை' என்று எழுத யாருக்கு மனசு வரும்? வி.டி.ஆர். 1ல் கையெழுத்து மறுக்கப்பட்டது அபூர்வத்திலும் அபூர்வம். நம் ஆபீஸ் அப்ரைசலில் எல்லோரும் 'எக்ஸலன்ட்' வாங்குவது போல. 1996ல்தான் நாலு பகுதி கொண்ட பொதுவான தேர்வு முறை வந்தது. எழுத்துத் தேர்வு ஒன்று, நோயாளியிடம் பேசும் வீடியோ, ஓர் எழுத்து வேலை, அதோடு ட்ரெய்னரின் அறிக்கை. வாத்தியார், நீதிபதி என்ற இரண்டு வேலையில் பாதியை ட்ரெய்னரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். 2005ல் கூட்டுக் கமிட்டியின் பொறுப்பு ஒரு புதிய வாரியத்துக்குப் போனது, 2010ல் அந்த வாரியம் ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலோடு இணைந்தது.

ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விட முடியாது. ஏணியிலிருந்து விழுந்தவர்கள் என்று ஜி.பி.க்களைச் சொன்னார்களே, அந்த ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்டுகளில் பயிற்சிப் பொறுப்பு வகிப்பவர்களுக்கு முறையான அங்கீகாரம் நாடு முழுக்கக் கட்டாயமானது 2016ல். ஜி.பி.க்கள் முப்பது வருஷத்துக்கு மேல் முந்திக்கொண்டார்கள்.

இனி, எனக்கு உறுத்துகிற பக்கம். 1950களிலிருந்தே இந்தியா, பாகிஸ்தான், இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான டாக்டர்கள் பிரிட்டன் போனார்கள். தமிழர்களும் நிறைய. ஆஸ்பத்திரியில் ஒரு கட்டத்துக்கு மேல் பதவி உயர்வு கிடைக்காது என்று தெரிந்ததும் பலர் ஜி.பி. ஆனார்கள். அதுவும் எங்கே? உள்ளூர் டாக்டர்கள் போக மறுத்த சுரங்க ஊர்களிலும் மில் நகரங்களிலும். ஜூலியன் சிம்சன் என்ற வரலாற்றாய்வாளர் 2018ல் இவர்களைப் பற்றிப் புத்தகமே எழுதினார். 1980களில் பிரிட்டனின் ஜி.பி.க்களில் சுமார் 16 சதவீதம் தெற்காசியர்கள் என்கிறார்.

இவர்களில் பலர் தனி ஆளாகக் கிளினிக் நடத்தியவர்கள். வாடகைக் கட்டடம், நீண்ட நோயாளிப் பட்டியல், விடுப்பெடுத்தால் பார்க்க ஆளில்லை. அங்கே போய், வாரத்தில் அரை நாள் பாடத்துக்கு ஒதுக்கு, நூலகம் வை, பழக வருபவருக்குத் தனி அறை கொடு, உறைகளை எல்லாம் தேதிவாரியாக அடுக்கு என்றால்? விதியில் எந்த இனத்தையும் குறிப்பிடவில்லை, ஏழை ஊர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் வசதியுள்ள, நாலைந்து பார்ட்னர் சேர்ந்து நடத்தும் கிளினிக்குக்கு அந்த விதி சுலபம், தனி ஆளுக்கு மலை. லோன் கொடுக்கும்போது 'கொலாட்டரல்' கேட்கிறோமே, அதே மாதிரி. விதி எல்லோருக்கும் ஒன்றுதான், நிலம் வைத்திருப்பவன் வாங்கிக்கொண்டு போவான்.

விதியைத் தளர்த்தியிருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். தளர்த்தினால் மறுபடி 1948ன் எடுபிடி டாக்டர்தான். அந்த அரை நாளைக்கு நோயாளிகளைப் பார்க்க இன்னொரு டாக்டரை அனுப்பியிருக்கலாம், கட்டடத்துக்குப் பணம் கொடுத்திருக்கலாம். தகுதியைக் கேட்ட அளவுக்கு, தகுதி பெறுவதற்கான செலவை யார் ஏற்பது என்று கேட்கவில்லை.

பழகிய இடத்தின் பக்கத்திலேயே தங்கிவிடுவது டாக்டர்களிடம் சகஜம். 2000க்குப் பிறகு அந்த முதல் தலைமுறை தெற்காசிய டாக்டர்கள் வரிசையாக ரிட்டயர் ஆனபோது, அவர்கள் இடத்துக்கு ஆள் தேடுவது பெரும்பாடாக இருந்தது. ஸ்காட்லாந்தில் மிக ஏழ்மையான மக்களைப் பார்க்கும் நூறு கிளினிக்குகள், பெரும்பாலும் கிளாஸ்கோவில் இருப்பவை, 2009ல் 'டீப் எண்ட்' என்ற பெயரில் ஒன்று கூடின. நீச்சல் குளத்தின் ஆழமான முனை என்று அர்த்தம். பயிற்சி கொடுக்கும் கிளினிக்குகள் எங்கள் பகுதிகளில் குறைவாக இருக்கின்றன என்பதும் அவர்கள் எடுத்துச் சொன்ன குறைகளில் ஒன்று.

வேல்ஸில் கிளின்கோருக் என்ற சுரங்க ஊரின் டாக்டர் ஜூலியன் ட்யூடர் ஹார்ட் இதை 1971லேயே 'லான்செட்'டில் எழுதியிருந்தார். நல்ல மருத்துவம் தேவை அதிகமாக இருக்கும் இடத்தில்தான் குறைவாகக் கிடைக்கிறது என்றார். தன் ஊரில் எல்லோருக்கும் ரத்த அழுத்தம் பார்த்து எழுதி வைத்த மனுஷர். அவரைப் பற்றித் தனியாக ஒரு பதிவு போட வேண்டும். மார்ச் கணக்கு முடியட்டும்.